மூன்றாம் தடம்

பெட்டிக்குள் இருபத்திரண்டு ரெசிஸ்டர்கள்
இருக்க வேண்டும். இருபத்தொன்றுதான் இருந்தது.
குறைந்த ஒன்றை
செத்துப்போன கராஜ் ரிமோட்டிலிருந்து கழற்றினேன்:
பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு.
இத்தனை நாள் கதவு திறந்தது
இனி யார் முதலில் வந்தார் என்று சொல்லட்டும்.

டுலூத்தில் பிப்ரவரி.
பகலெல்லாம் நகராட்சியின் பனிவாரி வண்டி ஓட்டுகிறேன்.
அதிர்வு கையை விட்டுப் போக ஒரு மணி நேரமாகும்.
பிறகுதான் பற்றவைப்புக் கோலை எடுப்பேன்.
ஈயம் உருகி, ஒரு கணம் கண்ணாடியாய் மின்னி,
மங்கி இறுகும்.
பதினொரு இரவுகள்.
ஒரு எல்இடியைத் தலைகீழாக வைத்து
நான்கு நாள் அதன்மேல் கோபப்பட்டேன்.

போன வருடம் முடிவுக்கோட்டில் நின்றவள் நான்.
தேவாலயத்தின் அடித்தளக் கூடம்,
நாற்பதடி மரச்சரிவு, மூன்று தடங்கள்,
பைன் கட்டையில் பிள்ளைகள் இழைத்த கார்கள்,
தபால் தராசில் நிறுத்து
ஐந்து அவுன்ஸ் மிஞ்சாதவை.
"இரண்டாம் தடம்" என்று கை தூக்கினேன்.
கூடம் கைதட்டியது.
மூன்றாம் தடத்து எம்மெட் நீமி, ஒன்பது வயது,
காரை எடுத்து
சக்கரத்தை விரலால் ஒருமுறை சுழற்றிவிட்டு
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இமைப்பொழுது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
அதற்குள் நான்கு கார் நீளம் ஓடிவிடும்.

அதனால்தான் இந்த டைமர்.
யாருக்கும் காரணம் சொல்லவில்லை.
"நல்ல வேலை" என்றார் டெல்மர், தடம் இழைத்த தச்சர்.
"இனி யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்."
யாரும் சண்டைக்கு வந்ததில்லை, டெல்மர்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி, சோதனை ஓட்டம்.
முதல் தடம் மூன்று புள்ளி இரண்டு.
இரண்டாம் தடம் மூன்று புள்ளி ஒன்று.
மூன்றாம் தடம்
ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது.
கார் மெத்தையில் மோதிக் கிடக்கிறது.
இயந்திரம் இன்னும் காத்திருக்கிறது.

மறுபடி விட்டோம். மறுபடியும் வரவில்லை.
ஒவ்வொரு இணைப்பாய்க் குத்திப் பார்த்தேன்,
எல்லாம் உயிரோடுதான் இருந்தன.
என் சமையலறையில் இரவு பூராவும் வேலை செய்ததே!
அப்போதுதான் கவனித்தேன்:
மேல் ஜன்னல் வழியே,
வெளிப்பனியில் பட்டுத் திரும்பிய வெயில்
சாய்வாக இறங்கி
சரியாக அந்த ஒரு துளைமேல் விழுந்திருந்தது.
கார் கடந்தும் துளை இருளவில்லை.
இருளாமல் அதற்கு எதுவும் தெரியாது.

கறுப்பு உறிஞ்சுகுழலை வெட்டித்
துளைக்கு ஒரு தொப்பி வைத்தேன்.
டெல்மர் தன் கோட்டைக் கழற்றி ஜன்னலில் மாட்டினார்.

சனிக்கிழமை. கடைசிச் சுற்று.
எம்மெட்டுக்குச் சீட்டில் விழுந்தது
மூன்றாம் தடம்.
கம்பி இறங்கியது. மரத்தின்மேல் சக்கரங்களின் இரைச்சல்,
அப்புறம் சிவப்பு எண்கள்:
லூசில் காட்ஃப்ரி, 3.125.
எம்மெட் நீமி, 3.127.

கைதட்டல் சற்றுத் தாமதமாக வந்தது.
எல்லோரும் இன்னும் எண்களையே பார்த்தார்கள்.
என்னை யாரும் பார்க்கவில்லை,
அவனைத் தவிர.

"ஆயிரத்தில் இரண்டுன்னா எவ்வளவு?"
அவன் சுண்டுவிரலைப் பிடித்துக் காட்டினேன்:
இந்த நகத்தின் அகலம்.
நகத்தை நெடுநேரம் பார்த்தான்.
"அப்போ போன வருஷம்?"

பின்னால் யாரோ காபிக் குவளைகளை அடுக்கினார்கள்.
"போன வருஷம் நான் கண்ணை இமைச்சிட்டேன், எம்மெட்."

"தெரியும்" என்றான்.
"நான் காரைப் பார்க்கலை. உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

சொல்வதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை.
அவன் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான்.
"கோட்டு நழுவுது" என்று
நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான்.